காப்பீட்டு அட்டை எங்கே செல்லும், எங்கே செல்லாது: செட்டிநாட்டில் மனநலச் சிகிச்சை தேடுவோருக்கு

"கவுன்சலிங்குக்கு முதலமைச்சர் கார்டு செல்லுமா?" காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் மனநலச் சிகிச்சை பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். செல்லாது. ஆனால் அந்தச் சிகிச்சைக்கு அட்டையே வேண்டியதில்லை. இது தெரியாமல் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். வருமானச் சான்றுக்கு விஏஓ அலுவலகம், அட்டைக்குச் சிவகங்கை ஆட்சியர் அலுவலகம், பிறகு தனியார் கிளினிக் வாசலில் "ஓபிக்கு கார்டு எடுக்கிறதில்லை" என்ற பதில். அதோடு, இதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது என்று வீடு திரும்பிவிடுகிறார்கள். அதற்குள் தூக்கமில்லாமல் கிடந்தவருக்கு இன்னும் மூன்று மாதம் போயிருக்கும்.

அட்டை ஏன் செல்லாது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி வழி தானாகத் தெரியும். இந்த அட்டைக்குப் பின்னால் இருக்கும் அரசுக் காப்பீட்டுத் திட்டம் 2009 ஜூலையில் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது, பிறகு மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ஆனால் அந்தப் பணம் பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டும், பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து படுத்தால் மட்டும் கிடைக்கும். வாரம் ஒருமுறை வந்து முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வீட்டுக்குப் போகும் சிகிச்சைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

"புதுச் சட்டம் வந்திருக்கே, எல்லா இன்சூரன்சும் மனநோய்க்குக் கொடுக்கணுமே" என்று கேட்பவர்களும் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 21, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களுக்கு அதையே சொன்னது. இதில் 'அதே அடிப்படை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். காய்ச்சலுக்கு ஓபியில் பார்த்த செலவைத் தராத பாலிசி, மனச்சோர்வுக்கு ஓபியில் பார்த்த செலவையும் தராது. காய்ச்சலுக்குச் சேர்த்தால் தரும், மனச்சோர்வுக்குச் சேர்த்தாலும் தர வேண்டும். மனநோய் என்பதற்காகவே மறுத்தால் அதை எதிர்த்து முறையிடலாம். தனியாரிடம் பாலிசி வைத்திருப்பவர்கள் தங்கள் பத்திரத்தில் ஓபிக்குத் தனிப் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். அது இல்லாமல் பில்லைச் சேர்த்து வைப்பதில் பயனில்லை.

பேச்சு சிகிச்சை, அதாவது கவுன்சலிங், இலவசமாகக் கிடைக்கும் இடம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் 1996இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சிக்கு வந்து, இன்று எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர் என்று ஒரு குழு. இவர்கள் மாவட்டத் தலைமையிடத்தில் இருந்தபடி, குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வந்து பார்ப்பார்கள். செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. கானாடுகாத்தான், கொத்தமங்கலம், புதுவயல்காரர்களுக்குக் காரைக்குடி அரசு மருத்துவமனையும் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும். ராயவரம், கடியாபட்டிக்காரர்களுக்குப் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஓபி சீட்டுக்கு மாவட்ட எல்லை கிடையாது. எது பக்கமோ, எதற்குப் பேருந்து வசதியோ அங்கே போகலாம்.

போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்ய வேண்டும். மனநல மருத்துவர் எந்தக் கிழமை உட்காருகிறார், உளவியலாளர் எந்தக் கிழமை வருகிறார் என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே நாளில் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போய், மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வருவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. 104 என்ற சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம். அதைவிட நல்லது, யாராவது ஒருவர் முந்தின நாள் நேரில் போய் ஓபி கவுண்டரில் விசாரித்து வருவது. சீட்டு காலையில்தான் போடுவார்கள், மதியத்துக்குள் ஓபி முடிந்துவிடும். எட்டு மணிக்கு முன்னால் வரிசையில் நிற்பவருக்கும் பத்தரைக்கு வருபவருக்கும் கிடைக்கும் நேரம் ஒன்றல்ல.

உள்ளே போனதும் கிடைப்பது ஐந்து அல்லது பத்து நிமிடம். நம் பக்கத்தில் மனத்தின் நோயை மனத்தின் பேரால் சொல்லும் பழக்கம் குறைவு. "நெஞ்சு படபடங்குது, வயித்துல ஒரு எரிச்சல், தலை கிறுகிறுங்குது" என்று ஆரம்பித்தால், பொது ஓபியில் வயிற்றெரிச்சல் மாத்திரையும் சத்து மாத்திரையும் எழுதி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது, கேட்டதற்குத்தான் கொடுக்கிறார்கள். அதனால் ஓர் அரைத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை வாரமாக இருக்கிறது, இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், எத்தனை மணிக்கு விழிப்பு, சாப்பாடு குறைந்ததா, எந்த வேலையைச் செய்ய முடியாமல் போனது, வேறு என்ன மருந்து ஓடுகிறது, குடிப்பழக்கம் இருந்தால் எவ்வளவு, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, செத்துவிடலாம் என்று தோன்றியதா. கடைசிக் கேள்வியை மறைக்காதீர்கள். மருத்துவர் அதைக் கேட்டுத் திடுக்கிட மாட்டார், அதற்கேற்ப அடுத்த தேதியை முன்கூட்டியே கொடுப்பார்.

உளவியலாளர்கள் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விகளைப் பயன்படுத்துவார்கள். கடந்த இரண்டு வாரத்தை வைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் விசாரிக்க வேண்டிய மனச்சோர்வு என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி உங்கள் நோட்டில் தேதியோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவர் உட்கார்ந்திருந்தாலும் அந்த எண் பேசும். முதல் தடவை ரத்தப் பரிசோதனையும் எழுதலாம். தைராய்டு குறைந்தாலும், ரத்தம் குறைந்தாலும், பி12 குறைந்தாலும் மனச்சோர்வு மாதிரியே தெரியும். "மனசுக்கு வந்தா ரத்தம் எதுக்கு எடுக்கிறாங்க" என்று அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

மாத்திரை எழுதி முடித்ததும் வாய்விட்டுக் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. "மருந்தோட பேச்சு சிகிச்சையும் வேணும் டாக்டர், சைக்காலஜிஸ்டுக்கு எழுதிக் குடுங்க." கூட்டம் நெரியும் ஓபியில் இதை அவர்களாகச் சொல்ல நேரமிருக்காது. சீட்டில் அந்த ஒரு வரி இருந்தால் உளவியலாளர் உங்களுக்குத் தனியாக நேரம் குறிப்பார். ஏட்டில் உள்ளபடி ஓர் அமர்வு 45 முதல் 60 நிமிடம், வாரம் ஒன்று, எட்டு முதல் பன்னிரண்டு அமர்வு. அரசு மருத்துவமனையில் அவ்வளவு நேரம் கிடைப்பது அரிது. இருபது, இருபத்தைந்து நிமிடம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றுதான் அமையும். அதற்காக அது வீண் என்று நினைக்காதீர்கள். இந்தச் சிகிச்சையின் பெரும்பகுதி அறைக்கு வெளியே, இரண்டு அமர்வுகளுக்கு நடுவில், வீட்டில் நடப்பது.

ஒரு பெரிய வீட்டை எண்ணிப் பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அதற்குப் பின்னால் இன்னும் கட்டு. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். எழுபது கடந்த ஆச்சி ஒருவர் ஓர் அறையில் மட்டும் புழங்குகிறார். காலையில் எழ மனமில்லை, சமைக்க மனமில்லை. "வயசானா அப்படித்தான்" என்று ஊர் சொல்லும். சிகிச்சை அப்படிச் சொல்லாது. மனம் தேறிய பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருப்பதுதான் சோர்வை வளர்க்கிறது என்று எடுத்துக்கொண்டு, வேலையை முதலில் வைக்கும். முதல் வாரம் ஒரு நாளை மணி மணியாக எழுதச் சொல்வார்கள், பக்கத்தில் மனநிலைக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண். எந்த நேரம் ஒன்று, எந்த நேரம் நான்கு என்று அதில் தெரிந்துவிடும். இரண்டாம் வாரம் இரண்டே வேலை குறிப்பார்கள். காலை ஏழுக்கு முற்றத்தில் கோலம், மாலையில் பக்கத்து வீட்டு அயித்தையோடு அரை மணி நேரம். முன்பு கொட்டான் முடைந்தவர் என்றால் ஓலையை மறுபடி கையில் எடுக்கலாம். அளவு சின்னதாக இருக்க வேண்டும், மணி குறித்திருக்க வேண்டும், பிடிக்கிறதோ இல்லையோ செய்ய வேண்டும். "கோயிலுக்குப் போங்க, மனசைத் தேத்திக்கங்க" என்ற அறிவுரைக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். இதில் நேரம் உண்டு, குறிப்பு உண்டு, நடக்கவில்லை என்றால் ஏன் நடக்கவில்லை என்று உட்கார்ந்து பார்ப்பது உண்டு.

படபடப்பு நோய்க்கு வழி வேறு. பேருந்தில் ஒருமுறை நெஞ்சு அடைத்து, மூச்சு முட்டி, மாரடைப்பு என்று இறங்கி ஓடியவர் அதன் பிறகு பேருந்தே ஏறமாட்டார். இசிஜி சரியாக இருக்கும், ஆனாலும் நம்பிக்கை வராது. அந்தப் படபடப்பு சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும். உச்சியிலேயே இறங்கி ஓடினால் "ஓடியதால்தான் பிழைத்தேன்" என்று மூளை படித்துக்கொள்கிறது. உளவியலாளர் பயத்துக்குப் படிக்கட்டு கட்டுவார். காரைக்குடி பேருந்து நிலையத்தில் பத்து நிமிடம் நிற்பது முதல் படி, கூட யாராவது வர குன்றக்குடி வரை போவது அடுத்தது, தனியாகப் போவது அதற்கடுத்தது, நெரிசல் நேரத்தில் திருப்பத்தூர் போவது கடைசி. ஒவ்வொரு படியிலும் பயம் பாதியாகக் குறையும்வரை இருந்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். பையில் பாதுகாப்புக்கு என்று ஒரு மாத்திரையை வைத்துக்கொண்டே எல்லாப் படியும் ஏறினால் குணம் நிற்காது. எல்லாவற்றுக்கும் அந்த மாத்திரைதான் காரணம் என்று மனம் கணக்கு எழுதிவிடும்.

அமர்வுக்கும் அமர்வுக்கும் நடுவே தொங்கிப் போகாமல் இருக்க 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை, தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில். இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, அட்டை எண் கேட்க மாட்டார்கள். முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு மாற்றுவார். ஒவ்வொரு முறையும் அதே ஆள் கிடைக்க மாட்டார் என்பதால் இதை முழுச் சிகிச்சையாக நம்ப முடியாது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு உயிரை விடும் எண்ணம் அழுத்தும்போது கூப்பிட வேண்டிய எண் இதுதான். உடனடி ஆபத்து என்றால் 108. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று அதே 2017 சட்டத்தின் பிரிவு 115 சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருந்துவிடாதீர்கள்.

மாத்திரையில் நடக்கும் பிழைகளைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் பேச்சு சிகிச்சை பாதியில் நிற்பதற்கும் அவைதான் பெரும்பாலும் காரணம். ஃப்ளூஆக்சிடின், எஸ்சிடலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டலும் ஒருவித அமைதியின்மையும் முதல் வாரத்திலேயே வரும். பக்கவிளைவு முதலில், பலன் பிறகு என்பது தெரியாதவர் பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறார். இன்னொருவர் இரண்டு மாதத்தில் நன்றாகிவிட்டது என்று நிறுத்துகிறார். நன்றான பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்தால்தான் திரும்பி வரும் வாய்ப்பு குறையும், நிறுத்துவதும் படிப்படியாக, மருத்துவர் சொல்லி. இருமுனை மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் ரத்தத்தில் அதன் அளவைத் தவறாமல் பார்க்க வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் வேர்த்து உடம்பில் நீர் வற்றினாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும், மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டாலும் லித்தியம் அளவு ஏறி நஞ்சாகும். கைநடுக்கம், வாய் குழறல், தள்ளாட்டம் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி அட்டைக்கு வருவோம். சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்ற நிலை வந்தால் அப்போது அது வேலை செய்யும். அரசு மருத்துவமனையில் அட்டை இல்லாவிட்டாலும் படுக்கையும் மருந்தும் இலவசம்தான். அட்டை கொடுத்தால் அந்தச் சிகிச்சைக்கான தொகை காப்பீட்டிலிருந்து மருத்துவமனைக்கே வரும், அதனால் கேட்டால் கொடுங்கள். தனியார் மருத்துவமனை என்றால் கவனம் தேவை. வாசலில் திட்டத்தின் பலகை இருப்பதால் மட்டும் மனநலப் பிரிவுக்கும் அனுமதி இருக்கிறது என்று ஆகாது. இதயத்துக்கு மட்டும், சிறுநீரகத்துக்கு மட்டும் சேர்ந்திருக்கலாம். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் மருத்துவமனைப் பெயரையும் நோயையும் சொல்லிக் கேட்டுவிட்டுப் போங்கள். சேர்க்கும்போதே முன் அனுமதி வாங்க வேண்டும். இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம், முதலில் கட்டிவிட்டுப் பில்லை நீட்டிப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது.

அட்டை வாங்குவதில் நம் பகுதிக்கே உரிய இரண்டு சிக்கல்கள். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கணக்கில் கல்யாணமானதும் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். அரசுக் கணக்கு அப்படியல்ல, குடும்ப அட்டையில் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நீங்கள். பிறந்த வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கி, புகுந்த வீட்டில் சேர்க்காமல் விட்ட மருமகள் எந்தக் காப்பீட்டிலும் இல்லாமல் நிற்பார். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அவசரத்தில்தான் அது தெரியவரும். இரண்டாவது, வீட்டைப் பார்த்து வருமானத்தை மதிப்பிடுவது. தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் இருக்கும் வீட்டில் பங்காளிகள் பத்துப் பேருக்குப் பாத்தியதை இருக்கும், உள்ளே இருப்பவருக்கு மாத வருமானம் என்று ஒன்றும் இருக்காது. சான்றில் கேட்பது வருமானம்தான், வீட்டின் அகலம் அல்ல. வங்கிப் புத்தகத்தையும், ஓய்வூதியம் இருந்தால் அதன் தாளையும் எடுத்துக்கொண்டு போய் விஏஓவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். சான்று தாமதமாகிறது என்பதற்காக ஓபிக்குப் போவதை ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

ஆலையிலோ கடையிலோ சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடிக்கிறவர்கள் கையில் இதைவிட நல்ல வழி இருக்கிறது, பலர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். இதில் ஓபியும் அடக்கம், குடும்பத்துக்கும் உண்டு. அட்டையில் குறித்த மருந்தகத்துக்கு முதலில் போய், மனநல மருத்துவருக்குப் பரிந்துரை எழுதி வாங்க வேண்டும். நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். மனச்சிதைவு போன்ற நீண்டகால நோய்கள் தனிப் பட்டியலில் உள்ளன, அவற்றுக்கு 80 சதவீதம், நீண்ட காலத்துக்கு. பங்களிப்புக் காலத்தில் போதுமான நாட்கள் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். முதலாளி பிடித்த பணத்தைக் கட்டியிருக்கிறாரா என்று நல்லபடியாக இருக்கும்போதே பார்த்து வையுங்கள்.

குழந்தைகளுக்கு ஆட்டிசம், பேச்சுத் தாமதம் என்றால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் இலவசம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, அதில் பயிற்சிச் செலவையும் ஓபி செலவையும் கேட்கலாம். பேச வந்த விஷயத்தில், ஓபி சிகிச்சைக்குப் பணம் தரும் அரிதான பொதுக் காப்பீடு இது. மாற்றுத்திறனாளி சான்று முதலில் வேண்டும்.

"செக்காலை ரோட்டில் யாராவது பார்த்துட்டா?" என்ற கூச்சத்தில் மதுரைக்கே போகிறவர்கள் இருக்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்குப் போய்விடும் என்ற பயம் நிஜமானது, அதை லேசாகப் பேசக் கூடாது. சிகிச்சை விவரத்தை வெளியிடாமல் காக்கும் உரிமை பிரிவு 23இல் இருக்கிறது, நோட்டு உங்கள் கையில்தான் இருக்கும். ஆனாலும் தூரம் சிகிச்சையைக் கொன்றுவிடும். மதுரைக்கு இரண்டு முறை போவார்கள், மூன்றாம் முறை பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் யோசிக்க வைக்கும். உள்ளூர் வேண்டாம் என்றால் சிவகங்கையோ புதுக்கோட்டையோ பாருங்கள், அரை நாளில் திரும்பிவிடலாம். நகரப் பேருந்து ஓடும் ஊர்க்காரப் பெண்களுக்குக் காரைக்குடி வரை கட்டணமும் இல்லை.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போகக் கூடாது என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. அங்கே கட்டிப்போட்டு விட்டுவிட்டு வருவதுதான் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா பக்கம் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். நமக்கு அடுத்த மாவட்டம் அது. இன்று சங்கிலியால் பிணைப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது.

கடைசியாக, அடுத்த தேதி. மருந்தை வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு வெளியே வந்துவிடாமல், உளவியலாளரின் அடுத்த நாளை நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். மருந்து வாங்க மகனையோ மாமியாரையோ மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தால் இரண்டு மாதத்தில் நீங்கள் அவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுவீர்கள். நல்லகாரியம், திருவிழா, வயல்வேலை என்று தேதி தவறிப் போனாலும் பழைய நோட்டையே எடுத்துக்கொண்டு அடுத்த ஓபி நாளில் போங்கள். புதுச் சீட்டுப் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். "ஏன் வரலை" என்று ஒரு வார்த்தை கேட்பார்கள், அவ்வளவுதான். விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.